தோட்டைக் கழற்றிவிட்டுக் கேட்பவர்

கடைக்குள் வந்ததும் அந்த அம்மா முதலில் செய்கிற காரியம், வலது காதுத் தோட்டைக் கழற்றுவது. இடது காதில் தோடு அப்படியே இருக்கும். டெலிபோன் ஆபீசில் நாள் முழுக்கத் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு லைன் கொடுக்கிற வேலை. அது அழுத்தி அழுத்தி வலது காது மடல் சிவந்து போயிருக்கும். தோட்டைக் கழற்றி, மடலை இரண்டு விரலால் நீவி விட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, "போடுங்க சார்" என்பார். அதற்கப்புறம் கேசட் இரண்டு பக்கமும் ஓடி முடிகிறவரை வாயைத் திறக்க மாட்டார்.

அந்தத் தோட்டை வைப்பதற்கென்றே எங்கள் வீட்டுக்காரர் ஒரு பவுடர் டப்பா மூடியில் பஞ்சு போட்டு வைத்திருந்தார். என் தோட்டின் திருகாணி தொலைந்துபோய் நான் காதில் வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டு திரிந்தது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

தேரடி வீதியில் எங்களுக்கு ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. எண்பதுகளின் ஆரம்பம். காலி கேசட்டையும், சினிமாப் பாட்டுகளின் பெயரை எழுதிய துண்டுச்சீட்டையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். இசைத்தட்டிலிருந்து ஒவ்வொரு பாட்டாக எடுத்துப் பதிந்து கொடுப்போம். சோறு போட்டது அதுதான். ஆனால் எங்கள் வீட்டுக்காரரின் மனசு அதில் இல்லை. மெட்ராஸ் போய்த் திரும்பும்போதெல்லாம் பையில் நாலைந்து புதுக் கேசட் இருக்கும். எல்லாம் எந்தப் படத்திலும் வராத பாட்டு. காலேஜ் பையன்கள் கிடார் வைத்துக்கொண்டு தாங்களே எழுதித் தாங்களே பாடியது, யாரோ பம்பையும் உடுக்கையும் மட்டும் அடித்தது, வயலில் பாடுகிற பெண்ணை வயலிலேயே போய்ப் பதிந்தது. சின்னக் கம்பெனிகள் போடும், சில சமயம் பாடினவர்களே கைக்காசு போட்டு வெளியிட்டிருப்பார்கள். "இதெல்லாம்தான் நாளைக்கு நிக்கும், பாத்துக்கினே இரு" என்பார். நின்றது வாஸ்தவம்தான். எங்கள் அலமாரியில் நின்றது.

அதையெல்லாம் கேட்பதற்கென்று வந்த ஒரே ஆள் அந்த அம்மா. சனிக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து நேராக வருவார். முப்பத்தைந்து வயசு இருக்கும். கல்யாணமாகவில்லை. ஏன் என்பதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அவராக ஒன்றும் சொன்னதில்லை.

"ஏங்க, சினிமா பாட்டெல்லாம் கேக்க மாட்டீங்களா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"கேப்பேங்க. ஆனா பாட்டு வர்றதுக்கு முன்னாடி அதுல முகம் வந்துடுது. அவரு மரத்த சுத்தி ஓடறாரு, அவங்க முந்தானைய கடிச்சிட்டு சிரிக்கறாங்க. எனக்கு முகம் இல்லாத பாட்டுதான் புடிக்குது. நாள் பூரா முகம் தெரியாதவங்க பேசறதத்தானே கேக்கறேன். பழகிடுச்சு."

நான் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. ஆனால் எங்கள் வீட்டுக்காரர்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். பால்காரரிடம்கூடச் சொன்னார். "முகம் இல்லாத பாட்டுய்யா! எப்படி ஒரு பேச்சு பேசிக்கீறாங்க பாரு." பால்காரர், "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு வழக்கத்தைவிடக் கம்மியாக ஊற்றிவிட்டுப் போனார். அதையும் நான்தான் கவனித்தேன்.

கேசட் முடிந்து டேப் டெக் 'டக்'கென்று நின்றதும் அந்த அம்மா மறுபடி காது மடலை நீவிக்கொள்வார். எங்கள் வீட்டுக்காரர் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்புறம் ஒன்றிரண்டு வாக்கியம் வரும். அதுதான் தீர்ப்பு.

காலேஜ் பையன்களின் கேசட்டுக்கு, "நல்லாதான் பாடறாங்க. ஆனா யாரோ தங்கள பாத்துட்டிருக்காங்கன்ற நெனப்பு ஒரு பாட்டுலயும் போகல" என்றார். வயலில் பாடிய பெண்ணுக்கு, "இந்தம்மாவுக்கு மைக் எங்க இருக்குதுனே தெரியல. அதான் என் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு சமயம் புதிதாக ஒரு பக்திக் கேசட் வந்தது. மலையைப் பற்றியே பத்துப் பாட்டு, எல்லாம் கீபோர்டு வைத்துப் போட்டது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடை வைத்திருப்பவர் ஒருவர் பௌர்ணமிக் கூட்டத்துக்கு விற்க அதில் ஒரு பெட்டி எடுத்துப்போக வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா உள்ளே கேட்டு முடித்தார்.

"கிரிவலத்த ஸ்கூட்டர்ல சுத்தின மாதிரி இருக்கு சார்."

கடைக்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார். பெட்டியைக் கீழே வைத்தார். "அட போங்கம்மா, போன பௌர்ணமிக்கு நானே ஸ்கூட்டர்லதான் சுத்தினேன். உங்களுக்கு யார் சொன்னாங்க? எனக்கு பழைய கேசட்டே குடுங்கப்பா, சாமி கோச்சிக்கப் போவுது."

அவர் போனதும், "சொல்லுனா அது சொல்லு!" என்று எங்கள் வீட்டுக்காரர் தொடையில் தட்டினார்.

"வித்துப்போன சரக்கு திரும்பி வந்து ஒக்காந்துக்கினு கீது. சிரிக்கிறீங்க."

"உனக்கு சரக்குதான் தெரியும்."

ரமணாசிரமம் பக்கத்தில் வாடகை ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவரும் எங்கள் கடைக்கு வருவார். தானே பாடி, தன் ஊரில் நூறு நூற்றைம்பது பேருக்கு மட்டும் கொடுத்த கேசட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்த அம்மா கேட்டார். "வீட்ல யார்கிட்டயோ சண்ட போட்டுட்டு வந்திருக்காரு. கடைசியா சொல்லவேண்டிய வார்த்தைய சொல்லாமயே வந்துட்டாரு. எல்லா பாட்டுலயும் அது தொண்டையில நிக்குது."

எங்கள் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அந்த மனுஷர் வந்ததும் தன் இங்கிலீஷில் சொல்லியே விட்டார். "சார், யூ, ஹவுஸ், ஃபைட். லாஸ்ட் வேர்டு, நோ டெல்லிங்." அவர் முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. போலீஸ் வந்துவிடுமோ என்று நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுந்து நேராக டெலிபோன் ஆபீசுக்குப் போய்த் தன் ஊருக்குக் கால் புக் பண்ணினாராம். லைன் கொடுத்தவரும் அந்த அம்மாதானாம்.

"இன்னா பேசினாரு மேடம்?" என்று அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டார்.

"லைன் குடுத்துட்டா நான் கேக்க மாட்டேன் சார். அது அவங்களோடது."

அதுவும் ஒரு வாரம் ஓடியது எங்கள் கடையில்.

இதெல்லாம் நடக்கும்போது நான் எங்கே இருந்தேன் என்றால், வாசலில். கடையின் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டில் ஒன்று உள்ளே நாற்காலிக்கு எதிரே இருந்தது. இன்னொன்றை, போகிற வருகிற ஜனத்தை இழுப்பதற்காக எங்கள் வீட்டுக்காரர் வெளியே தெருவைப் பார்த்து ஆணியடித்து மாட்டியிருந்தார். கனமான மரப்பெட்டி. அது எவன் தலையிலாவது விழுந்துவிடும் என்று எனக்கு நிரந்தரமான பயம். அதனால் என் ஸ்டூலை வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே போட்டுக்கொண்டு, ஆணியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பேன். பயப்படுவதற்கு எனக்குக் காரணம் வேண்டாம். கரண்ட் போனால் டேப் சிக்கிக்கொள்ளுமோ, தீபத்துக்கு வருகிற கூட்டம் ஷட்டரைத் தள்ளிவிடுமோ, குரங்கு வந்து கேசட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். படித்திருந்தால் இந்தப் பயமெல்லாம் போயிருக்குமோ என்னவோ.

ஆனால் ஒன்று. எந்தப் புதுக் கேசட் வந்தாலும் எங்கள் வீட்டுக்காரர் வாரம் முழுக்க அதையேதான் ஓடவிடுவார். பதியும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதுதான். பக்கம் முடிந்தால் எழுந்துபோய்த் திருப்பிப் போடுவது நான். ஆக அந்த அம்மா ஒரு தடவை கேட்பதற்குள் நான் நாற்பது தடவை கேட்டிருப்பேன். எந்தப் பாட்டில் பாடுகிறவர் மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் விழுந்திருக்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, 'உனக்கு எப்படி இருக்குது?' என்று கேட்டிருக்கலாம். கேட்டதில்லை. புடவையோ நகையோ நான் ஆசைப்படவில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் ஆசைப்பட்டேன்.

நானாகச் சொல்லியும் பார்த்தேன். பம்பை, உடுக்கைக் கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது, "இந்த ரெண்டு பேருக்கும் ஆவாது போலக் கீதுங்க. ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் வந்து மேல ஏர்றாரு" என்றேன்.

அவர் டெக்கைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அப்புறம், "மேடம் அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

எதிரே பூக்கடை வைத்திருந்த அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னாடி, சனிக்கிழம ஆனா உம் புருஷன் மழமழனு ஷேவ் பண்ணிக்கினு வர்றாரே. பாட்டுக்கா, பாட்டு கேக்க வர்றவங்களுக்கா?"

"அவங்க கவர்மெண்ட் உத்தியோகம்க்கா. மரியாதை."

"மரியாதையா! எம் புருஷன் அப்படி ஒரு மரியாதை யாருக்காச்சும் குடுக்கட்டும், கால ஒடச்சிடறேன்."

அவள் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்திருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும். அவர் அந்த அம்மாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. அந்தக் காதைத்தான் பார்த்தார். அதை எதிர்த்து நான் என்னவென்று சண்டை போடுவது?

அந்த அம்மாவை முழுசாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை. ஒரு மழைக்காலத்தில் போளூரில் இருந்த என் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று சேதி வந்தது. எங்கள் தெரு டாக்டர் வீட்டிலிருந்து போன் பண்ண ரிசீவரை எடுத்தேன். "அலோ" என்பதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கமிருந்து, "நான்தாங்க. பயப்படாதீங்க. எந்த ஊருக்கு வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்று அவர் குரல் வந்தது. மழையில் லைன் கிடைக்காத நாள். எப்படியோ போராடி வாங்கிக் கொடுத்தார். அம்மா பிழைத்துக்கொண்டாள்.

நன்றி சொல்லலாம் என்று சனிக்கிழமை காபி வாங்கிவந்து கொடுத்தேன். "ஒரு அலோதானே சொன்னேன், எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"உங்க குரல்ல எப்பவும் யாரோ கதவ தட்டிட்டே இருக்காங்க. அதவச்சிதான்."

எங்கள் வீட்டுக்காரர், "ஆகா" என்றார். எனக்குக் காபி டம்ளரைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்கும் ஒரு தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. சரியாகவும் இருந்து தொலைத்தது.

அப்புறம் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து அந்தக் கேசட் வந்தது. மேலே படம் இல்லை, பாடினவர் பெயர் இல்லை, வெறும் பழுப்புக் காகிதம் சுற்றியிருந்தது. வாரம் முழுக்க ஓடியது. சனிக்கிழமை அந்த அம்மா வந்தார், தோட்டைக் கழற்றினார், கேட்டார். பாட்டு முடிந்தது. எங்கள் வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவரு கேள்வியா கேட்டுட்டே இருக்காரு சார். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கு எடம் விட்டுட்டு நிக்கறாரு. பதில் வரவே இல்ல. அப்பவும் அடுத்தத கேக்கறாரு. இப்படி ஒரு தைரியம் நான் எந்த கேசட்டுலயும் கேட்டதில்ல."

எங்கள் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பதில் வருதே" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா வருது?" என்றார் அவர்.

"பதில்தாங்க. மேல கீற பொட்டில வருது. உள்ள ஒருத்தர் கேக்கறாரு, வெளிய இன்னொருத்தர் சொல்றாரு. அண்ணன் தம்பி போலக் கீது, ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை."

"உளறாத. ரெண்டு பொட்டிலயும் ஒரே பாட்டுதான்."

"எங்க ஒரே பாட்டு? மாட்டின நாள்லருந்து அது ஒண்ணு பாடுது, இது ஒண்ணு பாடுது. பழைய சினிமா பாட்டுக்குதான் ரெண்டும் ஒண்ணா பாடும். போர்டுல ஸ்டீரியோனு எழுதி வச்சிக்கீறீங்களே, அதுதான் போலனு இருந்துட்டேன்."

எங்கள் வீட்டுக்காரர் திரும்பி டெக்கைப் பார்த்தார். பாட்டுக்குத் தகுந்தபடி ஆடுகிற டெக்கின் இரண்டு முள்ளும் வேறு வேறு மாதிரி ஆடுவதை அவரும்தான் பார்த்திருக்கிறார். "அந்த வலது முள்ளு கொஞ்சம் சோம்பேறி" என்று சொல்லுவார். ஸ்டீரியோவில் பாட்டு இரண்டாகப் பிரிந்து இரண்டு பெட்டியில் வரும். இத்தனை நாளும் வலது பக்கத்துப் பாட்டெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த அம்மா எழுந்தார். என்னைத் தாண்டி, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். "முதல்லருந்து போடுங்க சார்." செங்கம் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு போனது. பெட்டிக்குக் கீழே, தோடு இல்லாத காதை மேலே தூக்கிக்கொண்டு நின்றார். பூக்கடை அக்கா கூவினாள்: "இன்னாம்மா, பொட்டி உழப்போவுதா?" அவர் காதில் அது விழவில்லை.

சொல்லுகிறேனே, அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இத்தனை வருஷமாக அவர் கொடுத்த தீர்ப்பெல்லாம் பாதிப் பாட்டுக்குக் கொடுத்த தீர்ப்பு. இப்போது அந்த முகம் சுருங்கும், பார்க்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

முகம் சுருங்கவில்லை. படியேறி வந்தார். "கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?" என்று கேட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்பக்கக் காதில் அண்ணனையும் வெளிப்பக்கக் காதில் தம்பியையும் வைத்துக்கொண்டு கேசட் முழுக்கக் கேட்டார். நான் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். முடிந்ததும், "அந்த மலைப் பாட்டு கேசட் இருக்கா சார்? அத போடுங்க" என்றார். நாலு வரி ஓடியதும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"அய்யோ, ஜனமெல்லாம் வெளிய நடந்துட்டிருக்குது சார்! கூட்டமா பாடிட்டு போறாங்க. நான் உள்ள உக்காந்து ஸ்கூட்டர மட்டும் கேட்டிருக்கேன்."

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருஷமும் நீங்க இங்கயேதான் உக்காந்திருந்தீங்களா?"

"ஆணி கழண்டுக்கும்னு பயம்ங்க."

அவர் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே என்ன கேக்காதீங்க சார். உங்க கடையில முழுசா கேட்டவங்க இவங்க ஒருத்தர்தான். இவங்கள கேளுங்க."

அன்றைக்கே எங்கள் வீட்டுக்காரர் வெளிப்பெட்டியைக் கழற்றி உள்ளே மாட்டினார். அடுத்த சனிக்கிழமை ஒரு புதுக் கேசட். வேலூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவர் தானே எழுதி, ஆர்மோனியம் வைத்துக்கொண்டு பாடியது. அந்த அம்மா வந்தார், தோட்டைக் கழற்றினார், கேட்டார். டெக் நின்றது. பழக்கதோஷத்தில் எங்கள் வீட்டுக்காரர் அவரைத்தான் பார்த்தார். அவர் பேசாமல் மோவாயால் என் பக்கம் காட்டினார்.

எங்கள் வீட்டுக்காரர் திரும்பினார். புதிதாகப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது அவர் நின்ற நிலை.

"உனக்கு... எப்படி இருக்குது?"

கேட்டுவிட்டார். அந்த அம்மா சொல்லித்தான் கேட்டார் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இருந்தாலும் கேட்டது கேட்டதுதானே. என்னென்னவோ சொல்ல நினைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இந்த டீச்சரு சத்தமா பாடக் கூடாத வீட்ல பாடிப் பழகினவங்க. மேல போற எடத்துலெல்லாம் குரல புடிச்சிக்கறாங்க பாருங்க, பக்கத்து ரூம்ல யாரோ தூங்கற மாதிரி. கடைசிப் பாட்டுல மட்டும் வீட்ல யாரும் இல்ல."

எங்கள் வீட்டுக்காரரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. அப்படி ஒரு பெருமையோடு அவர் என்னைப் பார்த்ததே கிடையாது.

"அடியே!" என்றார். "மேடம் சொல்ற மாதிரியே சொல்றியே!"

எனக்கு ஸ்டூலைத் தூக்கி அவர்மேல் எறியலாமா என்றிருந்தது. அதற்குள் அந்த அம்மா காதில் தோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"இல்ல சார். எனக்கு இது தோணியிருக்காது. இது அவங்களோடது."

எங்கள் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு பலமாகத் தலையாட்டி ஒத்துக்கொண்டார். மேடமே சொல்லிவிட்டார்களே.